மூட்டை ரூம்பு

அதையும் இதையும் சேத்து முடிச்சுப் போடாத பூமி. நீ இன்னிக்குக் காலையில வந்து எறங்குனவன். நான் மணிப்பூர்க் கடைசியில கெடக்கிற இந்த மோரேக்கு வாக்கப்பட்டு வந்து, இங்கனயே தலை நரைச்சு, பல்லு கொட்டி உக்காந்திருக்கேன். ஒரு ரூம்பு காலியாயிருச்சுன்னா ஊருக்கே கேடு வரப்போகுதுன்னு அர்த்தமா? வந்ததும் வராததுமா, பையைக் கூடக் கீழ வைக்காம, கிளம்புங்க அத்தை வண்டி நிக்குதுங்கிற. ரஞ்சனி என்னன்னா, அதுக்காகவே காத்திருந்தவ மாதிரி பாப்பாவோட சட்டை துணிய எல்லாம் பையில திணிச்சு வாசப்படியில வச்சிருக்கா. மலேசியாவுல இருந்து என் மகன் உனக்குப் போன் போட்டானாம், நீ மெட்ராஸ்ல இருந்து ஓடியாந்தியாம், மருமக மூட்டை கட்டினாளாம். இந்த வீட்டுல நான் ஒருத்தி உசுரோட இருக்கேன்னு யாருக்காச்சும் நெனப்பு இருக்கா?

உக்காரு. வண்டிக்காரன் நிப்பான். பட்டாளத்துக் காவலோட போற வண்டியெல்லாம் சாப்பாட்டு வேளைக்கு அப்பறம்தான் சேந்து கிளம்பும். அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருவேன்.

ரூம்பு காலியானது எதனாலன்னு நான் சொல்லவா? எல்லாம் அந்தச் சொர்ணத்தோட வாயி. கோயில் தெருவுல பிளாஸ்க் கடை வச்சிருக்காளே, அவ. நம்ம சனந்தான். நம்மள மாதிரியே அவளும் அடுத்தவ பொருள வாங்கிப் பத்திரமா வைக்கிறவ. ஆனா அவ வீட்டுல நாலு பேரு வச்சா என் வீட்டுல நாப்பது பேரு வைப்பாங்க. அந்த எரிச்சல் அவளுக்கு ரொம்ப நாளா உண்டு. நான் யாரு முடிச்சையோ அவுத்துப் பாத்தேன்னு எங்கிட்டோ ஒரு வார்த்தைய விட்டிருக்கா. அது பத்திக்கிச்சு. அவ்வளவுதான் விசயம்.

முடிச்சு அவுக்கிறதுன்னா நீ சிரிக்கிற. இங்க அது கொலைக் குத்தம் மாதிரி. கேளு. அந்தா தெரியுதே, அதான் எல்லைக் கேட்டு. அதுக்கு அந்தாண்ட பர்மா. கேட்டு தொறந்திருந்த காலத்துல அங்கிட்டு இருந்து பொம்பளைங்க தலைச்சுமையா கொண்டாருவாக. போர்வை, குடை, செருப்பு, காஞ்ச மீனு, பாக்கு. அடையாளச் சீட்டைக் கேட்டுல குடுத்துட்டு உள்ள வரணும், மூடறதுக்குள்ள திரும்பிப் போயிறணும். அவுக கடிகாரம் நம்மள விட ஒரு மணி நேரம் முந்திப் போகும், அதனால எப்பவும் அரக்கப் பரக்கத்தான் ஓடுவாக. விக்காத பொருள மறுபடி சுமந்துக்கிட்டுப் போக முடியுமா? அங்க போனா அதுக்கு ஒருத்தன் கைய நீட்டுவான். அதனால இங்க ஒரு வீட்டுல போட்டுட்டுப் போயிருவாக. மறுநா வந்து எடுத்துக்குவாக. அப்படி வச்ச வீடுதான் இது. அந்தப் பின்னாடி ரூம்புதான் மூட்டை ரூம்பு.

என் மாமியா இருந்தாகளே, உனக்குத் தெரியாது, நீ பொறக்கல. உங்கப்பனும் நானும் ரங்கூன்ல இருந்து கப்பல்ல மெட்ராஸ் வந்து கேம்புல கஞ்சிக்கு வரிசையில நின்னோம். உங்கப்பன் செங்குன்றத்துலயே ஒதுங்கிட்டான். என் மாமியா வீட்டுக்காரவுக அப்படி இல்ல. மெட்ராஸ் வெயிலு ஒத்துக்கலன்னு மறுபடி பர்மாவுக்கே போறோம்னு கிளம்பி, ரயிலு, லாரி, நடைன்னு இங்க வரைக்கும் வந்துட்டாக. கேட்டுல தடுத்துட்டான். என் மாமனாரு, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் தொறப்பான்னு சொல்லி ஒரு தார்ப்பாயக் கட்டி உக்காந்தாக. அந்தத் தார்ப்பா இருந்த எடந்தான் இந்த வீடு. எங்க குடும்பமே நாளைக்குத் தொறப்பான்னு உக்காந்த குடும்பம் பூமி. எங்களப் போய் வண்டி ஏறச் சொன்னா?

எதுல விட்டேன்? மாமியா. நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே அந்த ரூம்புக்குள்ள கூட்டிட்டுப் போயிச் சொன்னாக. "அடுத்தவ முடிச்ச அவுக்காத. அடுத்தவ பொருள நனைய விடாத. நம்ம சோறு இந்த ரெண்டுலதான் இருக்கு." மலையும் நம்மளுது இல்ல, பள்ளமும் நம்மளுது இல்ல. மலைக்காரன் பள்ளத்துக்காரன் வீட்டுல வைக்க மாட்டான், அவன் இவன் வீட்டுல வைக்க மாட்டான். ஒண்ணுமில்லாதவன் வீடுன்னா ரெண்டு பேரும் வைப்பான். அதான் நம்ம பொழப்பு.

மா டின்னுன்னு ஒரு பர்மாக்காரி. ஒரு தடவை ஒரு சாக்க வச்சுட்டுப் போனா, மறுநாளே கேட்ட மூடிட்டான். மழைக்காலம் பூராவும் மூடிக் கெடந்துச்சு. சாக்குக்குள்ள இருந்தது கருவாட்டு விழுது. அம்மாடி, என்னா நாத்தம்! வீட்டுக்குள்ள வர்றவன் எல்லாம் என்னைய ஒரு மாதிரி பாக்குறான். உங்க மாமா ராத்திரிக்கு வாசல்ல போயிப் படுத்துக்கிட்டாக. தூக்கி எறியலாம்ல அம்மான்னு என் மகன் அழுகுறான். நான் எறியல. பிரிச்சும் பாக்கல. கேட்டு தொறந்து அவ வந்து பாத்தா, மோந்து பாத்துட்டு, நல்லா பக்குவமா வந்துருச்சுன்னு சந்தோசமா தூக்கிட்டுப் போறா. நாங்க நாத்தத்துல செத்துக் கெடந்தோம், அவளுக்கு அது பக்குவம். இன்னைக்கும் அவ மூட்டை ஒண்ணு இருக்கு பாரு அந்த மூலையில, நீலத் துணி போட்டுக் கட்டுனது. அது ஒண்ணுதான் இப்ப ரூம்புல மிச்சம்.

அது இருக்கையில நான் எப்படிப் பூட்டிட்டு வருவேன்? அத யோசிச்சியா நீ? கேட்டு தொறந்து அவ வந்து கதவத் தட்டுறான்னு வையி. பூட்டிக் கெடந்தா? சொர்ணம் சொன்னது சரிதான்னு ஆகிப்போகாதா? அடுத்தவ பொருள வச்சுக்கிட்டு ஊரை விட்டு ஓடிட்டான்னு சொல்லுவாங்களா மாட்டாங்களா?

நீ கேட்டது ஞாயந்தான், இல்லங்கல. போன தடவைச் சண்டைக்கு முந்தி சனம் பொருளக் கொண்டாந்து வச்சாங்க, இந்தத் தடவை எடுத்துட்டுப் போறாங்களே, அது ஏன் அத்தைன்னு கேட்ட. படிச்சவன், பொருத்திப் பேசுற. போன தடவைன்னா, உன் கல்யாணத்துக்கு எல்லாம் ரொம்ப முந்தி. மலையில இருக்கறவங்களுக்கும் பள்ளத்துல இருக்கறவங்களுக்கும் பேச்சு முத்திப்போச்சு. எதுனால முத்துச்சுன்னு எனக்கு இன்னி வரைக்கும் வெளங்கல. நேத்து வரைக்கும் ஒரே அடுப்புல கொள்ளி வாங்கினவங்க. ஒவ்வொருத்தரா இங்க வந்தாங்க. தையல் மிசினு, டிவி, அண்டா, மகளுக்குச் சேத்து வச்ச துணிமணி, செத்துப்போன புருசன் போட்டோ. ஒரு அம்மா கோழியக் கூண்டோட கொண்டாந்து வச்சுது. மலைக்காரங்க பொருளும் பள்ளத்துக்காரங்க பொருளும் அந்த ரூம்புல ஒண்ணு மேல ஒண்ணா கூரை வரைக்கும் கெடந்துச்சு. வெளியில அவங்க ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கல, உள்ள அவங்க மிசினும் டிவியும் தோள் ஒரசிக்கிட்டு நிக்குது. நான் அத உங்க மாமாகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவுக சிரிக்க மாட்டாக.

அப்பறம் எரிஞ்சுது. ஆமா. யாரு தீ வச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது, கேக்கவும் கூடாது. பெரிய தெரு பூராவும் போச்சு. இந்த வீட்டு மேல ஒரு தீப்பொறி விழல. அங்காளம்மன் ஒரு காரணம். இன்னொண்ணு, அவங்க பொருளே இங்க இருக்கையில அவங்களே வைப்பாங்களா? அதான் கணக்கு.

பெரிய தெருவுலயும் ஒரு வீடு தப்புச்சு. நேபாளிப் பால்காரன் தாப்பா வீடு. ரெண்டு பக்கமும் கரியாக் கெடக்கு, நடுவுல அவன் வீடு மட்டும் பால் கேன் கவுத்து வச்சது வச்சபடி நிக்குது. அவன் வாசக் கம்பத்துல யாரோ மலைக்காரங்க ஒரு சால்வைய முடிஞ்சு விட்டிருந்தாங்களாம், இது நம்ம வீடு, விட்டுருங்கன்னு அடையாளமாம், அதப் பாத்துட்டுக் கடந்து போயிட்டாங்களாம். சனம் இப்படித்தான் கதை கட்டும். தீக்கு சால்வையும் தெரியாது சேலையும் தெரியாது. அன்னைக்குக் காத்து வேற பக்கம் அடிச்சுது, அவ்வளவுதான்.

சரி, இந்தத் தடவைக்கு வர்றேன். மழை தொடங்குனதுல இருந்தே ஒருத்தர் ஒருத்தரா வந்து எடுத்துட்டுப் போறாங்க. தையல்கார அம்மா வந்துச்சு. மகளுக்கு மிசினு வேணும்னுச்சு. மக இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கல, அதுக்கு எதுக்கு மிசினு? மருந்துக் கடைக்காரர் வந்து ரெண்டு பெட்டியத் தூக்கிட்டுப் போனாரு. போறப்ப, கடைப் பலகையவும் கழட்டி வண்டியில போட்டுக்கிட்டாரு. பெயிண்டு அடிக்கணுமாம். மழையில எவன் பெயிண்டு அடிப்பான்? நான் எதும் கேக்கல. கேக்கிறது நம்ம பழக்கம் இல்ல. கடைசியில அந்த ரூம்புச் செவுரு தெரியுது பூமி. கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்தச் செவுத்த நான் பாத்ததே கெடையாது. பச்சை வண்ணம் அடிச்சிருக்காக என் மாமனாரு. அது பச்சைன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். போய் நின்னு பாத்தேன். என் சேலைய யாரோ உருவிட்டாப்புல இருந்துச்சு.

சொர்ணத்தக் கேட்டுரலாம்னு நேராக் கிளம்பிப் போனேன். கடை பூட்டிக் கெடக்கு. மகளுக்குப் பிரசவம்னு இம்பாலுக்குப் போயிட்டாளாம், பிளாஸ்க், பாத்திரம், புருசன், மாமியா அத்தனையும் அள்ளிக்கிட்டு. பிரசவத்துக்குப் பிளாஸ்க் ஒண்ணு போதாதா? கடை பூராவுமா வேணும்? குத்தம் உள்ளவ, என் மூஞ்சிக்கு அஞ்சி ஓடிட்டா. அப்பவே எனக்கு உறுதியாயிருச்சு.

இதெல்லாம் கூட நான் பொறுத்துக்குவேன். நெய்கிம் செஞ்சதுதான் எனக்கு ஆறல.

நெய்கிம்ன்னா மேட்டுத் தெரு மலைக்காரி. என்னைய விட வயசுல சின்னவ. அவளுக்குத் தமிழ் நான் கத்துக் குடுத்தேன். வேணாம் வேணாம்னாலும் இட்லிக்கு மேல மிளகாப் பொடியக் கொட்டிக்கிட்டுத் திம்பா. என் மகன் பொறந்தப்ப இந்த வீட்டு அடுப்ப அவதான் பாத்தா. உங்க மாமா செத்தப்ப, எங்க சாமியக் கும்பிடாதவ, எங்க வழக்கம்னு கேட்டுக் கேட்டு மூணாம் நாள் வரைக்கும் கூட நின்னா. போன சண்டையப்ப ஒரு தகரப் பெட்டியக் கொண்டாந்து வச்சா. அவ கையால நெய்ஞ்ச சால்வையெல்லாம் அதுல இருக்கு. கறுப்புல செவப்புக் கோடு போட்டது, நெய்யிறதுக்கு ஒரு குளிர்காலம் பூராவும் பிடிக்கும். சண்டை ஓஞ்சு பாதிப் பேரு எடுத்துட்டுப் போனாங்க. அவ எடுக்கல. "இங்கயே இருக்கட்டும் அக்கா, என் வீட்ட விட இது பத்திரம்"ன்னா. அந்தப் பெட்டி மேலதான் நான் விளக்கு வைப்பேன், தெரியுமா உனக்கு?

இன்னிக்குக் காலையில, நீ வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி வந்தா. டீ போடுறேன்னேன், வேணாம்னுட்டா. அவ என் வீட்டுல டீ வேணாம்னு சொன்னதே இல்ல பூமி. உக்காரவும் இல்ல. பாப்பாவத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா, கீழயே விடல. அப்பறம் மூஞ்சியப் பாக்காம, பெட்டிய எடுத்துக்கிறேன் அக்கான்னா.

நீயுமான்னு கேட்டேன். சொர்ணம் உங்கிட்டயும் ஓதிட்டாளான்னு கேட்டேன். யாரு சொர்ணம்கிறா. தெரியாத மாதிரி.

"இங்க வேணாம் அக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

இங்க வேணாம்னா என்ன அர்த்தம்? என் வீட்டுல என்ன குறை? ஒரு நாளு ஒரு எலி கடிச்சிருக்குமா, ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்குமா? அதையும் கேட்டேன். கண்ணு கலங்குது அவளுக்கு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்ல? போறவ சும்மா போனாளா, உங்க தம்பி மகன் இன்னிக்குத்தான வர்றாருன்னு கேட்டா. ஆமான்னேன்.

"குழந்தைய அவர் கூட அனுப்பிருங்க. நீங்களும் போங்க அக்கா. இன்னிக்கே போங்க."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். என் வீட்ட விட்டு என்னையப் போகச் சொல்ல நீ யாருடின்னு கேட்டுட்டேன். அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது, வந்துருச்சு. அவ பெட்டியத் தலையில தூக்கினா. வாசல்ல என்னமோ பண்ணிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா, நான் எட்டிப் பாக்கல, திரும்பி உக்காந்துக்கிட்டேன். அப்பறம் போய்ப் பாத்தா, மேல போத்தியிருந்த சால்வைய நம்ம வாசக் கம்பத்துல கட்டிட்டுப் போயிட்டா. பெட்டியச் சுமக்கையில இடைஞ்சலா இருந்திருக்கும். அவுத்துக் கட்டியிருக்கா, போற அவசரத்துல மறந்துட்டா. கெடக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். பெட்டிய எடுக்கத் தெரிஞ்சவளுக்குச் சால்வைய எடுக்கத் தெரியாதா?

என்ன? நீ வர்ற வழியிலயும் நாலஞ்சு வாசல்ல அதே மாதிரி தொங்குச்சா? இருக்கும். மலைக்காரங்களுக்கு ஏதாச்சும் நேர்த்தியா இருக்கும். இல்ல துவைச்சுக் காயப்போட்டிருப்பாங்க. மானம் இப்படி மூடிக்கிட்டு இருக்கையில எவ துவைச்சான்னு கேக்காத, அவங்க வழக்கம் அவங்களுக்கு.

ரஞ்சனி, பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டியா? ஊட்டிட்டாளாம். செருப்பு வேற மாட்டி விட்டிருக்கா பாரு புள்ளைக்கு. ஏத்தா, ஒனக்குப் போகணும்னா நீ போ. நான் தடுக்கல. புள்ளையத் தூக்கிக்கிட்டு அவன் கூட ஏறிக்க. நான் மா டின்னு மூட்டையக் குடுத்துட்டு அப்பறமா வர்றேன். பாத்தியா, தலைய ஆட்டுறா. அத்தை வராம நான் போகமாட்டேன்கிறா. காலையில இருந்து இதே பாட்டு. நல்ல புள்ள, பூமி. வாய் இல்லாத புள்ள. என் மகன் குடுத்து வச்சவன்.

உன் போன் அடிக்குது. வண்டிக்காரனா? இப்பவே கிளம்புறாங்களாமா? சாப்பாட்டுக்கு அப்பறம்னு சொன்னானே. சீக்கிரம் கிளம்புறாங்கன்னா அவங்களுக்கு என்ன அவசரமோ. நீ என்னைய அப்படிப் பாக்காத. கையப் பிடிக்காத. கையப் பிடிச்சு இழுத்தா வந்துருவேனா? நாளைக்கு வண்டி இருக்கும்ல? நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லு. கேட்டு ஒரு பொழுது தொறந்தாப் போதும், மா டின்னு வந்துருவா. மூட்டையக் குடுத்துட்டேன்னா எனக்கு ஒரு கடனும் இல்ல. நாளைக்கு நானே முன்னால ஏறி உக்காந்துக்கிறேன், சன்னல் பக்கம். சத்தியமா.

சொல்லிட்டியா? நல்லது. சத்தம் கேக்குது, போறாங்க. எத்தனை வண்டி, விடாமப் போய்க்கிட்டே இருக்கு. போகட்டும். தெரு அமைதியாயிரும். நீயும் ரெண்டு நாள் அத்தை கையில சாப்பிடு, எலும்பும் தோலுமா வந்திருக்க. ராத்திரிக்குப் பர்மா நூடுல்ஸ் பண்ணித் தர்றேன், மெட்ராஸ்ல தெருவுல விக்கிறானே அது மாதிரி இல்ல, நெசமான பக்குவம். நம்ம கடைக்காரன் கதவத் தொறந்தான்னா முட்டை வாங்கியாரச் சொல்றேன். ஒருத்தனும் தொறக்கல இன்னிக்கு. ஞாயித்துக் கெழமையா இன்னிக்கு? இல்லையே.

தூறுது பாரு. இந்த ஊரு மழை சொல்லிட்டு வராது, மலையில இருந்து எறங்குனா எறங்குனதுதான்.

அட, அந்தச் சால்வ. அவ மேல கோவம் எனக்கு இருக்கு, ஆறாது. ஆனா கோவம் வேற, பொருள் வேற. அடுத்தவ பொருள் என் வாசல்ல நனையுதுன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துறக் கூடாது. இதத்தான் அவங்க எதிர்பாக்கிறாங்க. கெழவிக்கு இப்ப பொருள் பாக்கத் தெரியலன்னு சொல்லணும். நாளைக்கு நெய்கிம் வருவா பாரு, சால்வைய மறந்துட்டேன் அக்கான்னு வாசல்ல நிப்பா. நான் ஒண்ணும் பேச மாட்டேன். காஞ்ச சால்வைய மடிச்சு அவ கையில வைப்பேன். அப்பத் தெரிஞ்சுக்கட்டும் நான் யாருன்னு. அப்பறம் டீ போடுறேன்னு சொல்லுவேன். குடிப்பா. குடிக்காம எங்க போவா.

அடுத்தவ முடிச்ச அவுக்காதன்னு மாமியா சொன்னது மூட்டைக்கு. கம்பத்துல கெடக்கிற முடிச்சுக்கு இல்ல.

ஏத்தா ரஞ்சனி, பாப்பாவ எங்கிட்டக் குடுத்துட்டு வாசலுக்குப் போ. கம்பத்துல நெய்கிம் சால்வ இருக்கு பாரு, ரெண்டு முடிச்சாப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கா, நகத்தால நெம்பு, நூலு பிரிஞ்சிறாம. அவுத்து உள்ள கொண்டா, நனையுது.